பவுன்சர் விங்ஸ்: துறையின் கருத்து

செப்டம்பர் 22, திங்கள்

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இந்தக் கல்லூரியில் நடப்பதை யாராவது ஒருவர் எழுதித்தான் ஆக வேண்டும். இங்கே ஒரு பத்தியைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன் என்பதால் அந்த வேலையும் என் தலையில்தான் விழுகிறது.

இன்று காலை ஒரு சுற்றறிக்கை வந்தது. எங்கள் தாளாளரின் மகன் நிகிலேஷ் அமெரிக்காவில் படித்துவிட்டு வந்து, அவினாசி சாலையில் ஓர் உணவகம் திறந்திருக்கிறார். பெயர் ‘தேர்டு அம்பயர்’. சுவர்தோறும் தொலைக்காட்சி, ஒவ்வொன்றிலும் ஏதோ ஓர் ஆட்டம், மேசைமேல் சிக்கன் விங்ஸ். அதாவது கோழி இறக்கை. நம் வீடுகளில் குழம்புச் சட்டியில் கடைசியாக மிஞ்சிக் கிடக்கும் துண்டு. அதைப் பன்னிரண்டு விதமாகச் செய்கிறார்களாம்.

கடை திறந்த சில நாட்களிலேயே புரட்டாசி பிறந்துவிட்டது. கோயம்புத்தூரில் பாதி வீடுகளில் கறிச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். கடையில் ஈ ஓட்டுகிறார்கள். ஆகவே கல்லூரியின் ஒவ்வொரு துறையும் முறைவைத்து அங்கே மதிய உணவுக்குப் போய், பன்னிரண்டு வகையையும் சுவைத்து, கருத்துப் படிவம் நிரப்பித் தர வேண்டும் என்று உத்தரவு. எங்கள் சிவில் துறைக்கு அக்டோபர் நான்கு. புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை.

எனக்கு விரதம் கிடையாது. இருபது வயதிலிருந்தே நான் பகுத்தறிவாளன். என் ஆட்சேபமெல்லாம் சுற்றறிக்கையை வாசித்துக் காட்டியவன்மேல்தான்.

தினகர். துறைத்தலைவர். வயது முப்பத்தொன்பது. என் மாணவன். மண் இயக்கவியலை அவனுக்கு நடத்தியவனே நான். முதல் முறை தேறவில்லை. இரண்டு வருடம் முன்பு என்னைத் தாண்டி அவனைத் தலைவராக்கினார்கள். அவனிடம் ஆய்வுக் கட்டுரைகள் இருக்கின்றனவாம். என்னிடம் இருப்பது அறிவு; அதை எண்ணிக் காட்ட முடியாது. இன்றைக்கும் நான் அறைக்குள் போனால் எழுந்து நிற்கிறான். தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பது எவ்வளவு நுட்பமான கேலி என்பது பார்க்கிறவர்களுக்குப் புரிவதில்லை. அவனை ‘நீ’ என்று சொல்லப் பதவி விடுவதில்லை. ‘நீங்கள்’ என்று சொல்ல என் வாய் விடுவதில்லை. இரண்டு வருடமாக, “சாப்பிட்டாச்சா? கையெழுத்துப் போட்டாச்சா?” என்று ஆளே இல்லாத வாக்கியங்களாகப் பேசிக் காலம் தள்ளுகிறேன். தமிழ் இதற்கு இடம் கொடுக்கிறது.

செப்டம்பர் 23, செவ்வாய்

மூன்றாம் ஆண்டு வகுப்பு. நான்கு பேர் வந்திருந்தார்கள். ஒருவன் தூங்கினான். மற்ற மூவரும் அவனைப் பொறாமையோடு பார்த்தார்கள்.

செப்டம்பர் 24, புதன்

விங்ஸ் தின்பது எப்படி என்று துறைக் கூட்டம் நடந்தது.

துறை என்றால் நான்கு பேர். தினகர், நான், நில அளவை நடத்தும் மேகலை, கான்கிரீட் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஷாஜகான். மேகலைக்கு எதையும் நேராகச் சொல்லும் கெட்ட பழக்கம் உண்டு. ஷாஜகானுக்கு எதையும் நேராகச் சொல்லாத கெட்ட பழக்கம்.

“காலேஜ் நேரத்துல ஓட்டலுக்குப் போனோம்னு ரிப்போர்ட் எழுத முடியாதுங்க,” என்றான் தினகர். “களப்பயணம்னு காட்டணும். அந்தக் கடைக் கூரை முழுக்க இரும்புச் சட்டம். அதைப் பாக்கப் போறோம். பாத்தோம், பசிச்சுது, சாப்பிட்டோம்.”

“கூரையப் பாக்கப் போறவங்ககிட்ட, மசாலா எலும்பு வரைக்கும் எறங்கியிருக்கான்னு எதுக்குங்க கேட்டிருக்காங்க?” என்றார் ஷாஜகான், படிவத்தைப் புரட்டியபடி.

“அது வேற படிவங்க.”

“பேனர் அடிக்கணும் சார்,” என்றார் மேகலை. “பேனர் இல்லாத போட்டோவைத் தரச்சான்றுக்காரங்க ஏத்துக்க மாட்டாங்க. போன தடவை மரம் நட்டதுக்கே பேனர் எங்கன்னு கேட்டாங்க. மரம் எங்கன்னு ஒருத்தரும் கேக்கல.”

வரவேற்புரை மேகலை, நன்றியுரை ஷாஜகான் என்று முடிவாயிற்று. எனக்கு என்ன என்று நான் கேட்கவில்லை. ஆனால் கேட்காமலிருப்பது தெரியும்படி உட்கார்ந்திருந்தேன்.

“நீங்க மூத்தவரு சார். வந்து உக்காந்தாலே போதும்,” என்றான் தினகர்.

அலமாரியைப் பற்றியும் இதையேதான் சொல்லலாம்.

கடைசியாக, போகிற போக்கில் சொல்வதுபோல அந்த விஷயத்தைச் சொன்னான். இந்த வருடம் முதலாண்டில் சேர்ந்தவர்கள் பதினோரு பேர். இதற்கு மூன்று ஆசிரியர்கள் போதும் என்கிறார் செயலர் அம்மா. அவர் தாளாளரின் மனைவி, நிகிலேஷின் தாய். கல்லூரியின் சாவிக்கொத்து அவர் இடுப்பில்தான். யார் வேண்டாம் என்று துறைத்தலைவர் பத்தாம் தேதிக்குள் ஒரு பெயர் தர வேண்டும்.

ஷாஜகான்தான் கேட்டார்: “அந்த ஒருத்தருக்கும் அன்னைக்கு விங்ஸ் உண்டுங்களா?”

யாரும் சிரிக்கவில்லை.

“நான் பாத்துக்கறேன் சார்,” என்றான் தினகர். எதிரே மூன்று பேர் இருந்தும் என்னைப் பார்த்து மட்டும் சொன்னான். கிடாய்க்கு மாலை போடுகிறவனின் கனிவு அது. எனக்குத்தான் துறையில் அதிகச் சம்பளம். மகள் மதுரையில் பல் மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். எனக்குக் கவலை ஏதும் இல்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

வேறு கல்லூரிகளின் ஆள்தேவை விளம்பரங்களை வாசித்தேன். வேலைக்காக அல்ல, அவற்றிலுள்ள மொழிப்பிழைகளுக்காக. ‘நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர் விண்ணப்பிக்க வேண்டாம்’ என்ற வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை.

செப்டம்பர் 27, சனி

பூங்கொடி சாமிக்குப் புளியோதரை செய்துகொண்டிருந்தாள். அடுத்த சனிக்கிழமை மதியம் எனக்குச் சமைக்க வேண்டாம், துறையில் விருந்து என்றேன்.

“என்ன விருந்துங்க?”

“கோழி.”

கரண்டி நின்றது. “ஏனுங்க, புரட்டாசி சனிக்கெழமையா? புள்ளைக்குப் பரீட்சை வருதுன்னு மாசம் பூரா நான் ஒரு வேளை சோறு திங்கறேன். நீங்க போயிக் கோழியக் கடிச்சுப்போட்டு வருவீங்களா?”

“நான் பகுத்தறிவாளன், பூங்கொடி.”

“இருந்துக்குங்க, ஆரு வேண்டாம்னா? அந்த ஒரு நாளைக்கு வாயில வெக்காம வாங்க. பகுத்தறிவு ஒண்ணும் கோவிச்சுக்காது.”

கொள்கை உள்ளவனிடம் இப்படிப் பேசக் கூடாது என்று விளக்கினேன். பாதியிலேயே பெருங்காயம் எடுக்கப் போய்விட்டாள். ஆட்குறைப்பைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. சமையல் நேரத்தில் சொல்வதற்குரிய விஷயம் அல்ல அது. மற்ற நேரங்களில் அவள் ஓய்வெடுக்கிறாள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை விடுமுறை என்பதால் இன்றே ஆயுத பூஜை. ஆய்வகத்தில் எல்லா எந்திரங்களுக்கும் பொட்டு வைத்தார்கள். அவற்றில் ஓடுவது இரண்டு.

அக்டோபர் 4, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். பிற்காலத்தில் யாரும் திரித்துவிடக் கூடாது.

கல்லூரி வண்டியில் நாங்கள் மூவரும் போய் இறங்கினோம். தினகர் தனியாக வந்தான். காரமடைக் கோயிலுக்குப் போய்விட்டு நேரே வந்திருக்கிறான். நாமத்தை அழித்திருந்தான், ஆனால் சரியாக அழிக்கவில்லை. நெற்றியில் சிவப்பாக ஒரு கோடு மிச்சம் இருந்தது. சாமியையும் விடவில்லை, முதலாளி வீட்டுப் பையனையும் விடவில்லை. இப்படிப்பட்டவர்கள்தான் தலைவராகிறார்கள்.

அவ்வளவு பெரிய கடையில் எங்களைத் தவிர இரண்டே பேர். உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து வந்தவர்கள் போன்ற இரு இளைஞர்கள், ஒரு தட்டு விங்ஸை நடுவில் வைத்துக்கொண்டு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷாஜகான் நாற்காலிமேல் ஏறி, இரண்டு தொலைக்காட்சிகளின் ஆணிகளில் கயிறு கட்டிப் பேனரை விரித்தார். ‘இரும்புச் சட்டக் கூரைகள்: ஒரு களப்பயணம்’ என்ற எழுத்துகள் மூன்றாவது தொலைக்காட்சியை முழுசாக மறைத்தன.

“அண்ணா, ஸ்கோர் தெரியலீங்ணா,” என்றான் இளைஞர்களில் ஒருவன்.

“ஒரு பத்து நிமிசம் பொறு கண்ணு. நாங்களும் ஆட்டத்துலதான் இருக்கோம்,” என்றார் ஷாஜகான்.

நிகிலேஷ் வந்தார். இருபத்தாறு வயதிருக்கும். அரைக்கால் சட்டை, தொப்பி. வாங்க சார், ஜாலியா உக்காருங்க என்று சொல்லி முடிப்பதற்குள் தினகர் அவர்மேல் பொன்னாடை போர்த்திவிட்டான். பனியன்மேல் ஜரிகையோடு அவர் திகைத்து நின்றார். மேகலை தன் கைப்பேசியில் தமிழ்த்தாய் வாழ்த்தை ஒலிக்கவிட்டார். நாங்கள் எழுந்து நின்றோம். பாட்டைக் கேட்டதும் அந்த இரு இளைஞர்களும், கையில் பாதி கடித்த இறக்கையோடு எழுந்து அசையாமல் நின்றார்கள். முழங்கை வழியாகக் குழம்பு சொட்டியது. பள்ளியில் நன்றாக வளர்க்கப்பட்ட பையன்கள்.

பிறகு நால்வரும் கூரையைச் சுட்டிக்காட்டியபடி ஒரு படம் எடுத்துக்கொண்டோம். என் விரல் தவறுதலாக மின்விசிறியைக் காட்டுகிறது. ஆவணத்தில் அது அப்படியே இருக்கும்.

பன்னிரண்டு தட்டுகள் வந்தன. ஒவ்வொன்றிலும் தலைக்கு ஒரு துண்டு. நிகிலேஷ் எங்களோடு உட்கார்ந்து, பிள்ளைகளை அறிமுகப்படுத்துவதுபோல ஒவ்வொன்றையும் சொன்னார். “இது யார்க்கர் சார், லெமன் பெப்பர். இது கூக்ளி, வெளிய ஸ்வீட், உள்ள காரம். இது நைட் வாட்ச்மேன், நம்ம பள்ளிபாளையம் ஸ்டைல், தேங்காச் சில்லு போட்டது. கடைசியா இருக்கறது பவுன்சர். அதைப் பத்தி நான் எதுவும் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்.”

“எங்களுக்குப் புரட்டாசி இல்லீங்க தம்பி. ஹலால்தானே?” என்றார் ஷாஜகான்.

“ஹலால்தான் சார்.”

“அப்ப இன்னைக்கு என்னோட ராஜ்ஜியம்.”

அவர் தின்றார். மேகலை தின்னவில்லை. தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, முள்கரண்டியால் அதை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். மூன்று துண்டு சேர்ந்த பிறகு நிகிலேஷின் கண்ணில் பட்டுவிட்டது.

“மேடம், பிடிக்கலையா?”

மேகலையின் முகம் வெளுத்தது. பெயர் தர வேண்டிய மாதத்தில் முதலாளி மகனின் கோழியைத் தொடாமலிருப்பது சின்ன விஷயமில்லை. அதற்குள் தினகர் தன் தட்டிலிருந்த எலும்புகளை அவர் தட்டுக்குத் தள்ளி, அவர் துண்டுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். “தட்டு மாறிப்போச்சுங்க சார். மேடம் அப்பவே முடிச்சுட்டாங்க. நான்தான் ஸ்லோ.”

பெருந்தீனிக்காரனுக்கு எத்தனை சாமர்த்தியம் பாருங்கள்.

நான் சாப்பிடவில்லை. பூங்கொடி சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எண்ணெயின் மணம் எனக்குத் திருப்தியாக இல்லை, அவ்வளவுதான். இரண்டு துண்டைக் காகிதக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். மூன்றாவதற்குப் பையில் இடமில்லை. தினகர் குனிந்து, “உங்களுதையும் இப்பிடித் தள்ளுங்க சார்,” என்றான் மெதுவாக. தள்ளினேன். மூன்று பேர் பங்கை ஒருவனே தின்றான். மாத்திரை விழுங்குவதுபோலத் தின்றான். ஏழாவது எட்டாவது தட்டில் அவன் கண்ணில் நீர் கட்டியிருந்தது. காரமாக இருந்திருக்கும்.

படிவங்களை எப்படி நிரப்புவது என்று துறையிலேயே பேசி வைத்திருந்தோம். எல்லாவற்றுக்கும் ஒன்பது. நிகிலேஷ் நான்கு தாளையும் வாங்கிப் பார்த்துத் தொப்பியைக் கழற்றித் தலையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், மெக்கானிக்கல்ல எல்லாத்துக்கும் பத்து. கெமிஸ்ட்ரில ஒருத்தர் பத்துக்குப் பதினொண்ணு போட்டிருக்கார். இதை வச்சு நான் என்ன பண்றது? பன்னெண்டு வெரைட்டி எங்க கிச்சனுக்குத் தாங்கல. ஒண்ணைத் தூக்கியாகணும். எது வேண்டாம்னு யாராச்சும் ஒருத்தர் உண்மையச் சொல்லுங்க, ப்ளீஸ்.”

ஒன்றைத் தூக்கியாக வேண்டும் என்ற வார்த்தை எங்கள் நால்வர் நடுவில் வந்து விழுந்தது. ஷாஜகான் மெல்லுவதை நிறுத்தினார். எங்கள் கல்லூரியில் ஆறேழு வருடமாக உள்தேர்வில் யாரும் யாரையும் தோற்கடித்ததில்லை. பையன் தோற்றால் பெற்றோர் வருவார்கள், அடுத்த வருடம் சேர்க்கை குறையும். வெற்றுத்தாள் கொடுத்தவனையும் கையெழுத்து நன்றாயிருக்கிறது என்று கரையேற்றிவிடுவோம். எங்களிடம் போய் எது மட்டம் என்று கேட்டால்?

நான் பேசினேன்.

உண்மை கேட்கப்பட்டது, என்னிடம் அது இருந்தது. பவுன்சரைத் தூக்குங்கள் என்றேன். மாவுப்பூச்சும் கறியும் ஒன்றோடொன்று பிடிக்கவில்லை, நனைக்காத சுவரில் பூசிய சிமெண்ட் போலப் பொருக்குப் பொருக்காக எழும்புகிறது என்றேன். மசாலாவில் விகிதம் இல்லை, மிளகாய் இருக்குமிடத்தில் அறிவு இல்லை என்றேன். இதைச் செய்தவருக்குக் கைப்பழக்கம் இருக்கலாம், ஆனால் அடிப்படைப் பயிற்சி கிடையாது, பாராட்டுகிறவர்கள் மத்தியிலேயே சமைத்துப் பழகியவர் என்பது பார்த்தவுடனே தெரிகிறது என்றேன். நல்ல ஓட்டமாக வந்தது. இரண்டு வருடமாக எந்த மேடையிலும் என்னைப் பேச விடவில்லை அல்லவா.

நான் அதைச் சாப்பிட்டுப் பார்க்கவில்லையே என்று சிலர் கேட்கலாம். கால் நூற்றாண்டாக விடைத்தாள் திருத்துகிறேன். பதிலின் தரம் தெரிய முழுவதும் படிக்க வேண்டியதில்லை.

நிகிலேஷ் தொப்பியை எடுத்து மறுபடி தலையில் வைத்துக்கொண்டார். பிறகு, “அது அம்மா ரெசிபி சார். எங்க வீட்டுல அவங்க பண்றது. முதல் நாள் அவங்களே வந்து மசாலா அரைச்சுக் குடுத்தாங்க,” என்றார். “பரவால்ல. நான்தானே உண்மையக் கேட்டேன். வேற யாருமே இப்பிடிச் சொல்லல.”

தொலைக்காட்சியில் யாரோ அவுட் ஆனார்கள். இளைஞர்கள் கத்தினார்கள். எங்கள் மேசையில் மேகலை தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்த சத்தம் மட்டும் கேட்டது.

அப்போதுதான் தினகர் எழுந்தான். “தம்பி, அது சாரோட சொந்தக் கருத்து இல்லீங்க. துறையோட கருத்து. நான் சொன்னதுதான். சாருக்குப் பேச்சு நல்லா வரும்னு அவரைப் பேசச் சொன்னேன். அம்மாகிட்ட சொல்றதா இருந்தா என் பேரைச் சொல்லுங்க.”

என் காதுகளை என்னால் நம்ப முடியவில்லை. பதவியைப் பறித்தான், பொறுத்தேன். எனக்கென்று ஒரு நாளில் ஒரே ஒரு கருத்து உதித்தது. அதையும் அங்கேயே, என் கண்ணெதிரிலேயே, தன் பெயரில் பதிந்துகொண்டான்.

ஷாஜகான் நன்றியுரையில் கோழிகளுக்கும் நன்றி சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் பூங்கொடி சட்டையைத் துவைக்க எடுத்தாள். பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். “திங்கலீங்களா?” என்றாள். எண்ணெய் சரியில்லை என்றேன். காபி கொண்டு வந்தாள். சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

அக்டோபர் 6, திங்கள்

செயலர் அம்மா அழைத்தார் என்று தினகர் காலையில் போனான். மேகலையும் ஏதோ கோப்பில் கையெழுத்து வாங்க அங்கே போயிருந்தார். தினகர் மதியம் திரும்பி வந்தான். என்ன விஷயம் என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்லீங்க சார். மல்லி கொஞ்சம் தூக்கலா இருந்துச்சுன்னு நானும் சொல்லிட்டு வந்துட்டேன்,” என்று சிரித்தான்.

முதலாளியின் வீட்டுச் சமையலைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுமளவுக்கு நெருக்கம். கவனித்துக்கொண்டேன்.

அக்டோபர் 8, புதன்

இந்த நாளைச் சிவப்பு மையில் எழுதுகிறேன்.

உத்தரவு வந்துவிட்டது. மாத இறுதியோடு தினகர் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறான். துறைத்தலைவர் பொறுப்பு எனக்கு. வரும் திங்கள்கிழமை அறக்கட்டளைக் கூட்டத்தில் இரண்டையும் உறுதி செய்கிறார்கள்.

நேர்மைக்கு எப்போதாவது ஒரு விடிவு உண்டு என்று பூங்கொடியிடம் சொன்னேன். பாயசம் வைத்தாள். மகளுக்குப் போன் செய்தாள், என் தம்பிக்குச் செய்தாள், கரூரில் இருக்கும் தன் அக்காவுக்குச் செய்தாள். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொன்னாள். நான் பக்கத்து அறையில் இருந்தேன். கதவு திறந்திருந்ததால் கேட்டது.

அக்டோபர் 9, வியாழன்

நாற்காலி என் உயரத்துக்குப் பொருந்தவில்லை. கீழே இறக்கினால் மேசை நெஞ்சு வரை வருகிறது.

தினகர் சாவிகளைக் கொடுத்தான். “இந்த அலமாரியக் கொஞ்சம் தூக்கிப் புடிச்சுத் திறக்கணுங்க சார், இல்லீன்னா சிக்கிக்கும்.” மதியம் நான் அறைக்குள் வந்தபோது எதிரே இருந்த நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான். இன்னும் எதற்கு எழுந்து நிற்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. உட்காரலாம் என்றேன்.

அக்டோபர் 10, வெள்ளி

மேகலை அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“இன்னைக்குத் தேதி பத்துங்க சார். இன்னைக்குக் குடுக்க வேண்டிய பேரு யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“அதுதான் முடிவாகிவிட்டதே.”

“அதுக்கு முந்தி. மேல இருந்தே பேரைச் சொல்லி அனுப்பிட்டாங்க. உங்க பேரு. சம்பளம் அதிகம்னு. எழுத மாட்டேன்னு ரெண்டு வாரமா நின்னாரு தினகர். திங்கக்கெழம செயலர் அம்மா ரூம்ல நானும் இருந்தேன். ‘அவரை எழுது, இல்லீன்னா நீ கெளம்பு, என் சமையலப் பேசின உன் வாயை இதுக்கு மேல பொறுத்துக்க மாட்டேன்’னாங்க. ‘அப்ப நான் கெளம்பறனுங்கம்மா’ன்னுட்டாரு.”

நான் மேசையிலிருந்த காகித எடைக்கல்லைச் சற்று நகர்த்தி வைத்தேன்.

“பேசினது நீங்க சார்.”

“அது துறையின் கருத்து என்று அவரே...” நான் தினகரை ‘அவர்’ என்று சொன்னதைச் சொன்ன பிறகுதான் கவனித்தேன்.

“துறையில நானும் இருக்கேன். எனக்கு அப்பிடி ஒரு கருத்து இல்ல. நான் அதை வாயிலயே வெக்கல. நீங்களும்தான்.” அவர் குரல் உயரவில்லை. “அவருக்கு ரெண்டும் சின்னப் புள்ளைங்க. இந்த ஊர்ல சிவிலுக்கு இப்ப எங்க போயி வேலை தேடுவாரு? சார், ஒரே ஒரு வரி. ‘அந்தக் கருத்து என்னுது, தினகரோடது இல்ல’ன்னு எழுதி, கீழ உங்க கையெழுத்தப் போட்டுக் குடுங்க. நிகிலேஷ் தம்பிகிட்ட பேசிட்டேன். எழுத்துல இருந்தா அம்மாகிட்ட வாதாடறேன்னுருக்காரு. திங்கக்கெழமக் கூட்டத்துக்குள்ள வேணும்.”

“அப்புறம் எனக்கு?”

“அது எனக்குத் தெரியாதுங்க சார்,” என்றார் மேகலை. “இந்தத் தடவை உங்களை யாரும் பாத்துக்க முடியாது.”

யோசிக்கிறேன் என்றேன். கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனார்.

அக்டோபர் 11, சனி

காலையிலிருந்து எழுதினேன். ஒரு வரி கேட்டார்கள். ஒன்றரைப் பக்கம் வந்திருக்கிறது. உண்மையைச் சுருக்கக் கூடாது. ‘மேற்படி பவுன்சர் வகை குறித்த கருத்து திரு. தினகருடையது அன்று, அத்துறையின் மூத்த பேராசிரியர் ஒருவர் தம் சுயசிந்தனையின் பயனாக வெளியிட்டதாகும்’ என்று தொடங்குகிறது. நான் எழுதியவற்றில் இதுதான் சிறந்தது என்று நினைக்கிறேன். எனக்குப் பிடிக்காத ஒருவனுக்காக எழுதும்போதும் நடை தளரவில்லை. தினகரின் உழைப்பைப் பற்றி இரண்டாம் பத்தியில் இரண்டு நல்ல வாக்கியங்கள் உள்ளன. அவன் மாணவனாயிருந்தபோதே எழுதியிருக்க வேண்டியவை.

கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தேன். பேனாவைத் திறந்தபோது பூங்கொடி வந்தாள். பெரிய நாற்காலியில் உட்கார்ந்தால் முதுகு வலிக்காமலிருக்கச் சின்னத் தலையணை ஒன்று தைத்திருக்கிறாள். உறையில் பூப்போட்டிருந்தது.

“ஆபீஸ்ல சிரிப்பாங்களாங்க?” என்றாள்.

சிரிக்க மாட்டார்கள் என்றேன்.

அவள் போன பிறகு நிதானமாக யோசித்தேன். பகுத்தறிவாளன் ஒரு கூற்றை எப்படிச் சோதிக்க வேண்டும்? அது உண்மையா, பொய்யா என்று. யார் சொன்னது என்று கேட்பது ஆள் வழிபாடு. என் பெயரைப் போட்டால் செயலர் அம்மாவின் கவனம் கருத்திலிருந்து விலகி என்மேல் திரும்பும். அது தினகருக்கே நல்லதல்ல. மேகலையிடம் கொடுத்தனுப்பினால் அவர் சிக்கலில் மாட்டுவார். நிகிலேஷுக்கும் தாயோடு மனக்கசப்பு. பெயர் இல்லாவிட்டால் யாருக்கும் தொல்லையில்லை. உண்மை மட்டும் போய்ச் சேரும்.

தினகரே தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதியது என்று செயலர் அம்மா நினைத்துவிடக்கூடும். அதற்கு நான் பொறுப்பல்ல. இந்த நடை அவனுக்கு வராது என்பதைக் கண்டுகொள்ளும் ரசனை படிக்கிறவர்களுக்கு இருக்க வேண்டும்.

கையெழுத்துக்கு விட்ட இடம் வெறுமையாகத் தெரிந்ததால், அந்தத் துண்டை அளவுகோல் வைத்து நேராகக் கிழித்து எடுத்துவிட்டேன். உறையின்மேல் செயலர் அம்மாவின் முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதியாயிற்று. கல்லூரிக்குப் பக்கத்துப் பெட்டி வேண்டாம். உக்கடம் போய் அங்கே போடுகிறேன். இன்று மாலைத் தபாலில் சேர்த்தால், திங்கள்கிழமைக் கூட்டத்துக்குத் தவறினாலும் செவ்வாய்க்கிழமை அவர்கள் கைக்குக் கிடைத்துவிடும். பெயரில்லாமலே போகட்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.